பத்துப் பேருக்கு ஒரே தாய்மாமன்

ஜூலை 3, ஞாயிறு

காலையில் மாலே வந்து சேர்ந்தோம். இந்த வரியைத் திருவனந்தபுரத்திலேயே யோசித்து வைத்திருந்தேன். விமானம் தரை தொட்டதும் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. பாஸ்போர்ட் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். சாமி கும்பிடுகிறாள் போல என்று காதைக் கொண்டுபோனால், "மை நேம் இஸ் பொன்செல்வி, ஐ ஆம் த நியூ இங்லிஷ் டீச்சர்."

அப்புறம் விசைப்படகில் மூன்று மணி நேரம். மாலத்தீவில் எங்கள் தீவின் பெயர் தொன்வேலிஃபுஷி. நாக்கு சுளுக்காமல் சொன்னால் பரிசு உண்டு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன். பதினான்கு நிமிடம். அதிலும் இரண்டு நிமிடம் செருப்பில் புகுந்த மணலை உதறியது.

இந்த நோட்டை யாராவது திருடிப் படித்தால் குழம்பக் கூடாது. அதனால் சொல்லிவிடுகிறேன். என் பெயர் உலகம்மை. வயது பதினைந்தே முக்கால். ஊர் கோவில்பட்டி. பெயரில் உலகம் இருந்தாலும் இதற்கு முன் சாத்தூரைத் தாண்டியதில்லை. போன மாதம் பள்ளிக்கூடத்தின் கடைசி மணியைப் பதினொன்றரைக்கே அடித்துவிட்டேன். ஆயிரத்து இருநூறு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தலைமையாசிரியர் பாதி வழியில்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். மறுநாள் டீ.சி. கொடுத்தார்கள். டீ கொடுக்கவில்லை.

அம்மாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த அடுத்த மாதமே கல்யாணம். பிறகு தபால் வழியில் பி.ஏ., எம்.ஏ., பி.எட். என்று நடுநடுவே என்னையும் பெற்றுக்கொண்டு பதினேழு வருஷம். இந்த ஏப்ரலில்தான் எல்லாம் முடிந்தது. பட்டம் வாங்கினால் பறக்கலாம் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிகள் வரிசையாக 'அனுபவம் இல்லையே' என்றன. இந்தத் தீவுப் பள்ளிதான் போனில் நேர்காணல் வைத்து வாருங்கள் என்றது.

அப்பா சங்கரபாண்டி. தீப்பெட்டி ஏற்றுகிற மினிலாரி ஓட்டுகிறார். "போயிப் பாரு செல்வி. சரிப்படலன்னா வந்துரு. இவளையும் கூட்டிட்டுப் போ. இனி எந்தப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோயி விட?" என்றார்.

முதல் மூன்று மாதம் அம்மாவுக்குத் தகுதிகாண் காலம். அதற்குள் பிடிக்காவிட்டால் திரும்ப டிக்கெட் போட்டுவிடுவார்கள்.

ஜூலை 5, செவ்வாய்

பத்தாம் வகுப்பில் என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். தீவு முழுக்க ஒரே பத்தாம் வகுப்பு. அதற்கு ஒரே ஆங்கில டீச்சர். அது யார் என்று எழுத வேண்டியதில்லை.

வாசலைத் தாண்டும்போது அம்மா சொன்னாள்: "இதுக்குள்ள நான் உனக்கு அம்மை இல்ல. மிஸ்ஸு."

"அப்ப வீட்டுல மிஸ் பண்ணுவேன்."

"வாய மூடிட்டு வா ட்டி."

பக்கத்து இடம் ஷிஃபா. அவளுடைய அப்பா மீன் பிடிக்கிறார். இங்கே எல்லாருடைய அப்பாவும் மீன் பிடிக்கிறார், அல்லது சுற்றுலா விடுதியில் வேலை செய்கிறார். பின்வரிசை ஸயான் பேசவே மாட்டான். அவர்களும் நானும் பேசுவது ஓட்டை ஆங்கிலம். அதைத் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன், ஓட்டைகளை முடிந்தவரை அடைத்து.

ஜூலை 7, வியாழன்

காலை மீன், மதியம் மீன், சாயங்காலத் தின்பண்டத்துக்குள்ளும் மீன்.

ஜூலை 15, வெள்ளி

விடுமுறை. இங்கே வெள்ளியும் சனியும்தான் வாரக் கடைசி.

அம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தை ஒப்பிக்கிறாள். முதல் முறை சொல்வதுபோலக் "குட் மார்னிங் சில்ட்ரன்." சிறிது நேரம் கழித்து வேறு மாதிரி "குட் மார்னிங் சில்ட்ரன்." நான் கதவுக்கு வெளியே நின்று பதில் சொன்னேன், இழுத்து, கூட்டமாக, "கு...ட் மார்...னிங் மி...ஸ்."

குழாய் நின்றது. வெகுநேரம் அவள் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். குளியலறையிலிருந்து வருகிறவர்கள் முகம் கழுவியிருப்பது இயல்புதான்.

ஜூலை 27, புதன்

அம்மாவின் முறை எப்படி என்று எழுதுகிறேன். அவள் ஆங்கிலம் கற்றது நாற்பது கட்டுரைகளை மனப்பாடம் செய்து. ரயில் பயணம், பொருட்காட்சி, மழை நாள், எனக்குப் பிடித்த தலைவர். எந்தக் கேள்வி வந்தாலும் நாற்பதில் ஒன்றைத் திருப்பிப் போடலாம். எம்.ஏ. வரைக்கும் அதுதான் வண்டியை ஓட்டியது. எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் மாதிரித் தேர்வு. விடைத்தாள்களை மாலேக்கு அனுப்பி வேறு ஆசிரியர்கள் திருத்துவார்கள். போன வருஷம் இந்த வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில் தேறியது இரண்டு பேர். இந்த முறையும் அப்படியே இருந்தால் அம்மாவின் தகுதிகாண் காலம் அங்கேயே காலம் ஆகிவிடும். தலைமையாசிரியை ஸமீனா மேடம் இதை நல்ல வார்த்தைகளில் சொன்னார்.

அதனால் இன்று அம்மா 'ரயில் பயணம்' ஆரம்பித்தாள்.

ஷிஃபா கேட்டாள்: "மிஸ், ரயில் நின்றதும் அதை எதில் கட்டுவார்கள்?"

"கட்ட மாட்டாங்க."

"அப்போ காற்றடித்தால் போய்விடாதா?"

வகுப்பே அக்கறையோடு பதிலுக்குக் காத்திருந்தது. அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட ரயிலைப் பார்த்ததில்லை. அம்மா சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, "அடுத்த வரியைச் சொல்லுங்கள்" என்றாள். எல்லாரும் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

ஷிஃபா இன்று கட்டுரை முழுவதையும் நிற்காமல் சொன்னாள். அம்மா அவள் தலையில் கைவைத்து, "மை டியர் சைல்ட்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "எம்மா, 'மை டியர் சைல்ட்'ன்னா தமிழ்ல என்ன?"

"போயித் துணிய எடு ட்டி, மழ வருது."

துணியை எடுத்தேன். மழை வரவில்லை.

ஆகஸ்ட் 11, வியாழன்

என் கையெழுத்து அம்மாவுடையதைவிட அழகு. அதனால் கட்டுரையைச் சுத்தமாக எழுதித் தரச் சொன்னாள், பத்துப் படி எடுக்க. எழுதினேன். கடைசிப் பத்தியில் இரண்டு வரி என்னுடையது: "என்ஜின் டிரைவர் என் தாயின் சகோதரர். அவர் எனக்கு இரண்டு அவித்த முட்டைகள் கொடுத்தார்."

அம்மா திருப்பிப் பார்க்கவில்லை. மணியடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. "தங்கம், நல்லா எழுதியிருக்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

பத்துப் பேருக்கும் முட்டை மனப்பாடம். அம்மா உரக்கப் படிக்கச் சொல்லும்போது கடைசி வரிகளில் தேர்வுத் தேதி பற்றி மேடத்திடம் பேச வாசலுக்குப் போய்விட்டாள். இரண்டு தடவை அப்படி நடந்தது. இன்றைக்குள் அவள் கவனித்திருந்தால் சிரித்து முடித்திருப்போம்.

சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். நாளை.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

தேர்வு. கேள்வி: நீங்கள் மேற்கொண்ட ஒரு பயணம்.

வெளியே வந்த எல்லார் முகத்திலும் வெளிச்சம். ஸயான்கூட என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அம்மா ஒவ்வொருவராக நிறுத்தி "ரயில் எழுதினாயா?" என்று கேட்டாள். எழுதினோம் மிஸ். எழுதினோம் மிஸ்.

என்னைக் கேட்கவில்லை. நான் மாட்டுவண்டி எழுதியிருந்தேன்.

ஆகஸ்ட் 30, செவ்வாய்

ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 4, ஞாயிறு

ஒன்று இருக்கிறது.

மாலேயிலிருந்து வஹீத் சார் வந்திருக்கிறார். மேற்பார்வையாளர். மூன்றாவது பீரியடில் அம்மாவை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். ஸமீனா மேடம் என்னிடம் சாக்பீஸ் பெட்டி கேட்டிருந்தார். கொண்டுபோனேன். கதவு சாத்தியிருந்தது. சாத்திய கதவு காதுக்குத் தடையில்லை.

வஹீத் சார் கோபமாகப் பேசவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"மிஸ், இந்தத் தீவில் ரயில் இல்லை. இந்த நாட்டிலேயே ரயில் இல்லை. உங்கள் பத்து மாணவர்களின் தாய்மாமன் ரயில் ஓட்டுகிறார். பத்துப் பேருக்கும் தலா இரண்டு முட்டை. மாலேயில் திருத்துகிற அறையில் இதை எடுத்து உரக்கப் படித்தார்கள். நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. சிரித்தார்கள்."

 காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. அவள் அந்த வரிகளை அப்போதுதான் முதல் முறையாகப் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

"யார் எழுதியது இது?"

"நான்தான் சார். எல்லாம் நான்தான் எழுதினேன்."

"இந்த முட்டையும்?"

"ஆமாம் சார்."

செவ்வாய்க்கிழமை அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். கட்டுரை இல்லாமல், தாள் இல்லாமல், புத்தகம் இல்லாமல் நாற்பது நிமிடம் அம்மா பாடம் நடத்த வேண்டும். அதை வைத்து அவள் இருப்பதா போவதா என்று முடிவு செய்வார்.

சாக்பீஸ் பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 4, அதே நாள், சாயங்காலம்

அம்மா தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"முட்டைய யாரு போட்டா?"

"கோழி."

அவள் திரும்பவில்லை. "பதினோரு தாளு. பத்துல ரயிலு. ஒன்னுல மட்டும் மாட்டுவண்டி."

"எனக்கு ரயில் ஒத்துக்காது."

"உலகு."

அந்தப் பெயரை அவள் அப்படிச் சொன்னதில்லை. 

"தப்பு என்னுது ட்டி," என்றாள். "முட்டை இல்லன்னாலும் பத்து ரயிலும் ஒரே ரயிலுதான். யாராவது கண்டுபிடிச்சிருப்பாவ. பதினேழு வருஷமா எனக்கு அது ஒன்னுதான் தெரியும். வேற மாதிரி சொல்லிக் குடுக்க எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல." கல்லைக் கவிழ்த்து வைத்தாள். "ஆனா அந்தப் பிள்ளைங்களப் பாத்து ஒரு ரூம்ல இருந்தவுக பூராவும் சிரிச்சிருக்காவ. அது மட்டும் உன்னுது."

சாப்பாடு போட்டாள். என் தட்டில் அப்பளம் வைக்க மறக்கவில்லை. திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 5, திங்கள்

வகுப்புக்குச் செய்தி தெரிந்துவிட்டது. யாரும் அம்மாவைக் குறை சொல்லவில்லை. மிஸ் எங்களுக்காகத்தானே செய்தார் என்றான் ஸயான். இங்கே வந்ததிலிருந்து அவனாகப் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

ஷிஃபா மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் அந்த மாமாவை நிஜமாக நினைத்துப் பார்த்தேன்," என்றாள். "அவருக்கு மீசை இருந்தது."

அம்மா இன்று குளியலறையில் ஒப்பிக்கவில்லை. ஒப்பிக்க ஒன்றும் இல்லை. குழாய் மட்டும் ஓடியது.

செப்டம்பர் 6, செவ்வாய்



வஹீத் சார் கடைசி வரிசையில் ஸயான் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா குட் மார்னிங் சொன்னாள். சொல்லிவிட்டு நின்றாள். கரும்பலகையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.  ஒரு நிமிடம் இருக்கும். 

பிறகு கேட்டாள், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில்: "நான் முதல் நாள் படகில் வந்தேன். தீவுக்குக் கிட்டே வந்ததும் தண்ணீருக்குள் பாறைச் சுவர் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது உள்ளே இருந்தோம். படகு எப்படி உள்ளே வந்தது? எனக்குத் தெரியாது."

 மிஸ் ஒரு விஷயம் தனக்குத் தெரியாது என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

ஸயான் எழுந்தான். "வாசல் இருக்கு மிஸ்."

"எங்கே?"

"தண்ணீர் நிறம் பார்க்கணும். வெளுத்த நீலம், பாறை. கறுத்த நீலம், வாசல்."

"மேகம் வந்தால்?"

"அப்போ அப்பா எழுந்து நிற்பார். அலை உடையும் இடம் பாறை. உடையாத இடம் வாசல்."

"இல்லை," என்றாள் ஷிஃபா. "உடையாத எல்லா இடமும் வாசல் இல்லை. என் அப்பா..."

அதற்குப் பிறகு சந்தைதான். ஒருவன் எழுந்து கையாலேயே படகைத் திருப்பினான். இருவர் சண்டை போட்டார்கள், ஆங்கிலத்தில். அம்மா அவர்கள் சொன்னதை அப்படியே பலகையில் எழுதினாள், பிழையோடு. பிறகு ஒவ்வொரு வரியாக "இதை எப்படிச் சொன்னால் எனக்குப் புரியும்?" என்று கேட்டுத் திருத்தினாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அது எல்லாருக்கும் தெரிந்தது. அம்மா முந்தானையில் சாக்பீஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். அந்த அம்மாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மணி அடித்தது. வஹீத் சார் எழுந்தார். சிரிக்கவில்லை. "முதல் நாளிலிருந்து இப்படிச் செய்திருக்கலாமே மிஸ்," என்றார்.

"அப்போது தெரியவில்லை சார்."

"அந்த முட்டையை நினைத்தால்தான் எனக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரவில்லை. பிள்ளைகளைக் கேலி செய்ய எழுதிய வரி அது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். 

நான் எழுந்து நின்றேன். "நான் எழுதினேன் சார். படி எடுக்கிற தாளில். மிஸ்ஸுக்குத் தெரியாது."

"நீ?"

"அவர் மகள்."

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸமீனா மேடத்தைத் தேடிப் போனார்.

ஷிஃபா என் பக்கம் திரும்பினாள். "நீயும் சிரித்தாயா?"

"எழுதும்போது."

அவள் பையை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 11, ஞாயிறு

மாலேயிலிருந்து கடிதம். அம்மா இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை எனக்குப் படித்துக் காட்டினாள்.

பொன்செல்வி மிஸ் பணியில் தொடரலாம். எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை. ஆனால் தேர்வு எழுதும் வகுப்பில் ஆசிரியை தன் சொந்த மகளுக்குக் கற்பிப்பதும், வினாத்தாளும் பாடத்தாளும் மகள் கைக்கு எட்டும்படி இருப்பதும் இனி அனுமதிக்கப்படாது. வியாழக்கிழமைக்குள் முடிவைத் தெரிவிக்கவும்.

இன்னொரு பத்தாம் வகுப்பு இந்தத் தீவில் இல்லை. வேறு தீவில் என்னைத் தனியாக விட அங்கே எங்களுக்கு ஆள் இல்லை. அம்மா இருந்தால் நான் இருக்க முடியாது. நான் இருந்தால் அம்மா இருக்க முடியாது. இதற்கு ஒரு சிலேடை இருக்கிறது. எழுதப் பிடிக்கவில்லை.

அப்பா போனில் சொன்னார்: "ரெண்டு பேரும் கிளம்பி வந்துருங்க. போதும் செல்வி. போயிப் பாத்தாச்சுல்லா. இனி எவன் என்ன சொல்லப் போறான்?"

அம்மா, "யோசிச்சுச் சொல்லுதேன்," என்றாள்.

செப்டம்பர் 13, செவ்வாய்

இரண்டு நாளாக யோசிக்கிறாள். பாடமும் நடத்துகிறாள். நான் வீட்டில் இருக்கிறேன். சாயங்காலம் அவள் திரும்பி வரும்போதே முகம் வேறு மாதிரி இருக்கிறது. இன்று ஸயான் அரைப் பக்கம் எழுதினானாம், அவனே. வலை தைப்பதைப் பற்றி. அதை என்னிடம் காட்ட எடுத்தவள் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அதனால் யாருக்குக் கண்ணில் தண்ணீர் என்பது பற்றி இங்கே எந்தக் குறிப்பும் இல்லை.

"நான் போறேன் மா," என்றேன். "நீ இரு. அப்பாகிட்ட நான் பேசுதேன். டுடோரியல்ல சேந்து தனித்தேர்வு எழுதிக்கிடுதேன். அங்க மணி எங்க இருக்குன்னுகூடப் பாக்க மாட்டேன்."

இப்படித்தான் நடக்கும் என்று முன்பே மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன்: அவள் மாட்டவே மாட்டேன் என்பாள். நான் மறுபடி சொல்வேன். அவள் மறுபடியும் மறுப்பாள். மூன்று முறையாவது. கடைசியில் இருவரும் சேர்ந்து கிளம்புவோம். நான் பெரிய மனசுக்காரி என்ற பெயரும் எனக்கு நிற்கும்.

அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

செப்டம்பர் 14, புதன்

ஒரு முறைகூட மறுக்கவில்லை.

செப்டம்பர் 15, வியாழன்

கணக்கு எடுக்கும் ஷைனி மிஸ் விடுப்பில் கொல்லம் போகிறார். அவரோடு நான். ஏழு மணிப் படகு.

அம்மா துறைமுகம் வரை வந்தாள். பள்ளிக்குப் போகிற உடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு. என் பையின் ஜிப்பை மூன்று முறை திறந்து மூடினாள். "மாத்திரை முன்னாடி இருக்கு. துண்டு அடியில இருக்கு. அப்பா காரம் கூடப் போடுவாரு, நீ சொல்லு."

"ம்."

"உனக்கு எம்மேல கோவமா?"

"எனக்கென்ன கோவம்."

"இருக்கும் ட்டி. இருக்கட்டும்." படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். அம்மா வேகமாகப் பேசினாள். "அன்னைக்கே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா நீ நின்னுருவன்னு தெரியும். அப்புறம் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிருவோம். போயி, நான் தெனமும் ஒன் மூஞ்சப் பாத்து, இவளாலதான்னு நெனைப்பேன். சொல்ல மாட்டேன், நெனைப்பேன். அது நமக்கு வேண்டாம்னு பாத்தேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பதினைந்தே முக்கால் வருஷம் எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் கையைப் பிடித்தேன், அவ்வளவுதான். சாக்பீஸ் வாசனை அடித்தது.

ஏழு பத்துக்கு முதல் பீரியட். படகு கிளம்பும் வரை நிற்க அவளுக்கு நேரம் இல்லை. பாதி தூரம் நடந்தவள் ஓடத் தொடங்கினாள். அம்மா ஓடி நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 15, திருவனந்தபுரம்

அப்பா வெளிவாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டை அயர்ன் பண்ணியிருந்தது. அவருக்கு நேற்றே எல்லாம் சொல்லியாகிவிட்டது, நானே போனில் சொன்னேன். இருந்தும் என்னைப் பார்த்ததும் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். வருகிறவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கண்ணாடிக் கதவு மூடியது. மறுபடி திறந்து, வேறு யாரோ வந்தார்கள்.

"அவ?" என்றார்.

"அவளுக்கு கிளாஸ் இருக்குப்பா."

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். பிறகு குனிந்து என் பையை எடுத்துக்கொண்டார்.